வண்டியில் ஓர் அமானிதப் பெட்டி

கெலவரப்பள்ளி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது நுரைதான். கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, பெங்களூரு மாநகரின் கழிவுகளையும் சுமந்துகொண்டு வரும் தென்பெண்ணை, தமிழ்நாட்டுக்குள் நுழைந்ததும் தேங்கி நிற்கும் இடம் எங்கள் அணை. 44.28 அடி வரை நீர் நிற்கும். மதகுகளைத் திறக்கும் நாள்களில் வெண்ணுரை பொங்கி ஆற்றை மூடும்; செய்தியாளர்கள் வந்து படம் எடுத்துச் செல்வார்கள். அந்த அணைக்குச் சற்றுத் தள்ளி எங்கள் ரோஜாத் தோட்டம் இருக்கிறது. எங்கள் குடும்பம் என்பது அண்ணன் தம்பி இருவர், எங்கள் மனைவியர், பிள்ளைகள், எல்லோருக்கும் மூத்தவராகப் பெரியத்தா.

மழை பெய்தால் தோட்டத்துப் பாதை சேறாகிவிடும். நான்கு சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும் வண்டி இல்லாமல் பூக்கூடைகளை வெளியே கொண்டுவர இயலாது. ஆகவே கித்தான் கூரை போட்ட பழைய ஜீப் ஒன்றை நெடுங்காலமாக வைத்திருக்கிறோம். ஜீப் என்றதும் பெரியத்தா விருந்தினரிடம் தவறாமல் சொல்லும் செய்தி ஒன்றுண்டு. இந்தியாவில் ஜீப்புக்குப் பேர்போன மகேந்திரா நிறுவனம் 1945 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்டபோது அதன் பெயர் ‘மகேந்திரா அண்டு முகமது’. அந்த முகமது, மாலிக் குலாம் முகமது என்பவர். பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகி, பின்னர் அந்நாட்டின் தலைமை ஆளுநராகவும் இருந்தார். 1948இல்தான் நிறுவனம் இன்றைய பெயரைப் பெற்றது.

கித்தான் கூரை வண்டியில் எந்தப் பொருளையும் பூட்டி வைக்க முடியாது. கதவைப் பூட்டினாலும் கூரையைப் பிளேடால் கீறிவிட்டால் முடிந்தது. முன்பலகையில் உள்ள சிறிய அறைக்கு ஒரு பூட்டு உண்டு. திருகுளி ஒன்றை நுழைத்துத் திருகினால் திறந்துகொள்ளும். எங்கள் சொந்தப் பொருள் மட்டும் அந்த வண்டியில் போயிருந்தால் இதைப் பற்றி இவ்வளவு யோசித்திருக்க மாட்டோம். போனவற்றில் பெரும்பகுதி பிறருடையது.

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் என்று தெற்கே மலைக்குள் போகும் பாதையில் எங்களுக்கு உறவினர் உண்டு. மாதம் ஒருமுறையாவது போய்வருவோம். அதை அறிந்த தெருக்காரர்கள் ஒவ்வொருவராக வருவார்கள். மகள் வீட்டுக்கு ஒரு பொட்டலம், மருமகனுக்குக் கொடுக்க வேண்டிய கடன்பாக்கி, பட்டா நகல் அடங்கிய உறை. எங்கள் தெருவின் மூத்த பெண்மணி ஒருவர், அவரை நன்னி என்றே அழைப்போம், ஒரு முறை பழைய துணியில் முடிந்த இரண்டு வளையல்களைக் கொண்டுவந்து, “பேத்தி நிக்காஹ்வுக்குத் தம்பி, உங்க கையால கொடுத்துடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். எண்ணிப் பார்க்கச் சொல்லவில்லை, சீட்டு எதுவும் கேட்கவில்லை. இவை போக ஜமாஅத்தின் ஜகாத், ஃபித்ரா தொகையில் மலையோரக் குடும்பங்களுக்கு உரிய பங்கும் எங்கள் வண்டியில்தான் போகும்.

நம் வீடுகளில் அமானிதம் என்ற சொல்லை அடிக்கடி சொல்கிறோம். மக்காவில் நபி (ஸல்) அவர்களை எதிர்த்தவர்களே தங்கள் உடைமைகளை அவர்களிடம் ஒப்படைத்து வைத்திருந்தார்கள் என்பதை மதரஸாவில் சிறுவயதிலேயே கேட்டிருக்கிறோம். ஹிஜ்ரத் புறப்பட்ட இரவில், உயிருக்கே ஆபத்து சூழ்ந்திருந்த நிலையிலும், அலீ (ரலி) அவர்களைப் பின்னால் நிறுத்தி அந்தப் பொருள்களையெல்லாம் உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்கச் செய்தார்கள். ஊரைவிட்டு விரட்டுகிறவர்களின் பொருளுக்கே அந்த நிலை என்றால், நன்னியின் வளையலைக் கித்தான் கூரைக்குக் கீழே, இருக்கையின் அடியில் சாக்கால் மூடி எடுத்துச் செல்லலாமா என்ற கேள்வி எங்கள் வீட்டில் 2023ஆம் ஆண்டின் பிற்பகுதியில் எழுந்தது.

ஓசூர் எல்லைப்புறத்து ஊர். பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவும் பகலும் வண்டிகள் ஓடும். தொழிற்பேட்டைக்குப் பல மாநிலத்தார் வந்து போவார்கள். நிறுத்திய வண்டியின் கண்ணாடியை உடைத்துப் பையை எடுத்துச் செல்வதும், சாலையில் சில ரூபாய்த் தாள்களைப் போட்டுவிட்டு “உங்கள் பணம் விழுந்திருக்கிறது” என்று சொல்லி ஓட்டுநரைக் கீழே இறங்கவைப்பதும் பெருஞ்சாலைத் திருடர்களின் பழைய வழிகள். வங்கியிலிருந்து வெளியே வருபவரைப் பின்தொடர்ந்து இவ்வாறு செய்வார்கள். குனிந்து அந்தத் தாள்களைப் பொறுக்கும் நேரம் அவர்களுக்குப் போதும்.

பெரியத்தாவின் தீர்ப்பு எளிமையானது. “எடுத்துச் செல்ல முடியாததை வாங்காதீர்கள்.” ஆனால் இல்லை என்று சொல்லிவிட்டால் நன்னி யாரிடம் போவார்? அஞ்செட்டி வரை பேருந்தில் போய், அங்கிருந்து மலையேற அவரால் முடியாது. நண்பர் ஒருவர், ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டு என்ற திர்மிதீயில் வரும் அறிவுரையை நினைவூட்டினார். பூட்டுக் கடைக்காரர் முதல் காப்பீட்டு முகவர் வரை எல்லோரும் எடுத்தாளும் நபிமொழி அது. எதில் கட்டுவது என்பதுதான் எங்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டபோது அவர் ஃபிக்ஹு நூல்கள் இதைப் பற்றி எவ்வளவு நுணுக்கமாகப் பேசியிருக்கின்றன என்பதை எடுத்துச் சொன்னார். பாதுகாக்கக் கொடுக்கப்பட்ட பொருளுக்கு ‘வதீஆ’ என்று பெயர். அதைப் பெற்றவர் கவனக்குறைவு இல்லாமல் காத்தும் அது தொலைந்துபோனால் அவர் ஈடு கொடுக்க வேண்டியதில்லை. கவனக்குறைவு இருந்தால் பொறுப்பாவார். அப்பொருளோடு பயணம் செய்யலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. உரியவர் தடுக்காமலும் பாதை அச்சமற்றதாகவும் இருந்தால் செய்யலாம் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. உரியவரிடம் திருப்பிக் கொடுக்க வழி இருக்கும்போது அதைப் பயணத்தில் எடுத்துச் செல்லக் கூடாது என்பது ஷாஃபியீ மத்ஹபின் நிலை. எங்கள் வழக்கில் பயணத்துக்காகவே கொடுக்கிறார்கள் என்பதால் இந்த வேறுபாடு எங்களைத் தடுக்கவில்லை.

அவர் சொன்ன இன்னொன்று எங்களை வியக்கவைத்தது. ‘ஹிர்ஸ்’ என்றொரு சொல் உண்டு. ஒரு பொருளை வழக்கமாகப் பத்திரப்படுத்தும் இடம் என்று பொருள். ஆட்டுக்குத் தொழுவம், நகைக்குப் பெட்டி என்று ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய ஹிர்ஸ் உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மர்கீனானீ எழுதிய ‘ஹிதாயா’வில் திருட்டைப் பற்றிய பகுதியில் ஒட்டக வரிசை பேசப்படுகிறது. வரிசையில் போகும் ஒட்டகத்தையோ அதன் சுமையையோ அப்படியே ஓட்டிச் செல்பவனைப் பற்றிய சட்டம் வேறு. சுமையின் கோணியைக் கீறி உள்ளிருப்பதை எடுப்பவனைப் பற்றிய சட்டம் வேறு. ஏனெனில், ஒட்டகத்தை ஓட்டுபவர் வழி நடத்தவே இருக்கிறார், காவலுக்காக அல்ல. கோணியோ பொருளைக் காப்பதற்கென்றே தைக்கப்பட்டது, அதுவே ஹிர்ஸ். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டது எங்கள் ஜீப்பைப் பார்த்து எழுதியதுபோல் இருந்தது. வண்டி ஒட்டகம். எங்களிடம் கோணி இல்லை.

வெளிநாடுகளில் இதை ஒரு தொழிலாகவே வளர்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் டஃபி என்ற நிறுவனம், கூரையும் கதவும் கழற்றக்கூடிய ஜீப்புகளுக்கென்றே எஃகுப் பெட்டிகள் செய்கிறது. இருக்கையின் அடியில், இரு இருக்கைகளின் நடுவில், பின்பக்கத்தில் என்று இடத்துக்கு ஒரு வடிவம். ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி, பாலைவனப் பயணிகளுக்காகப் பின்பக்கத்தில் பூட்டக்கூடிய பெரிய இழுப்பறைகளைச் செய்கிறது. அவற்றை வரவழைக்கும் செலவு எங்களுக்குக் கட்டுப்படியாகாது. தகட்டை வெட்டி மடக்கிக் கொடுக்கும் பட்டறைகள் நிறைந்த ஓசூரில் இருந்துகொண்டு ஒரு பெட்டியைக் கடல் கடந்து வாங்குவதும் பொருத்தமாகப் படவில்லை.

பட்டறைக்குப் போகும் முன் சட்டத்தைப் பார்த்தோம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரிப்பாளர் குறித்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் இதை உறுதிப்படுத்தியது. இருக்கை ஒன்றைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பெட்டி வைத்தால் இருக்கைகளின் எண்ணிக்கை மாறும். அது வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போக வேண்டிய காரியம். எங்கள் வண்டியில் பின்பக்கம் பக்கவாட்டாகப் போட்ட நீள இருக்கைகள் இருந்தன. வலப்பக்க இருக்கைக்கு அடியில் வெற்றிடம் இருந்தது. இருக்கையைத் தொடாமல் அதன் கீழே பெட்டியைப் பொருத்துவது என்று முடிவு செய்தோம். மேலே ஆள் அமர்ந்தால் பெட்டி கண்ணில் படாது.

அளவு 60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 20 உயரம். தகடு 2 மில்லிமீட்டர். அலமாரிக்குப் போடும் மெல்லிய தகடு போதுமே என்று பட்டறைக்காரர் முதலில் சொன்னார். கடப்பாறையின் நுனியை நுழைத்து நெம்பினால் மெல்லிய தகடு காகிதம்போல் மடங்கும் என்று அவரே ஒரு துண்டை மடக்கிக் காட்டிவிட்டுச் சிரித்தார். 2 மில்லிமீட்டர் தகட்டில் செய்ததால், கதவு, அடிப்பட்டை எல்லாம் சேர்த்துப் பெட்டியின் எடை ஏறத்தாழ 14 கிலோ வந்தது. ஒரு பூக்கூடை அளவுதான்.

இவ்வகைப் பெட்டியில் மூன்று இடங்கள் பலவீனமானவை. முதலாவது கீல். வெளியே தெரியும் கீலின் ஊசியைத் தட்டி எடுத்துவிட்டால் பூட்டுக்கு வேலையே இல்லை. எனவே கீலை உள்ளே வைத்துப் பற்றவைத்தார்கள். இரண்டாவது கதவின் விளிம்பு. கதவு, சட்டத்தின் மேல் படியாமல் சட்டத்துக்குள் அமிழ்ந்து நிற்கும்படி செய்தோம். நெம்புகோல் நுழையப் பிடி கிடைக்காது. மூன்றாவது தரை. பலர் பெட்டியை நன்றாகச் செய்துவிட்டு நான்கு சாதாரணத் திருகுகளில் தரையோடு பிணைத்துவிடுவார்கள். திருடன் பெட்டியைத் திறக்கத் தேவையில்லை, பெட்டியையே தூக்கிக்கொண்டு போவான். நாங்கள் வட்டத் தலை போல்ட்டுகளை வண்டியின் அடியிலிருந்து மேல்நோக்கிச் செலுத்தி, நட்டுகளைப் பெட்டிக்குள் முறுக்கினோம். கீழே வழுவழுப்பான தலைதான் தெரியும், ஸ்பானர் பிடிக்காது. தரைத் தகடு கிழியாமலிருக்க அடியில் 3 மில்லிமீட்டர் பட்டை ஒன்றும் வைத்தோம். துளையிடும் முன் வண்டியைத் தூக்கி நிறுத்தி, பிரேக் குழாயும் டீசல் குழாயும் மின்கம்பியும் எங்கே ஓடுகின்றன என்று சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டது பெரியத்தாவின் யோசனை. இருக்கை, இருக்கைப் பட்டை ஆகியவற்றின் போல்ட்டுகளை எக்காரணம் கொண்டும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது. விபத்து நேர்ந்தால் ஆளைப் பிடித்து நிறுத்துபவை அவை.

பூட்டைப் பற்றி வீட்டில் நீண்ட வாக்குவாதம் நடந்தது. பிள்ளைகளுக்கு எண்பூட்டு வேண்டும். எழுத்துகளைத் திருப்பித் திறக்கும் பூட்டை 1206இல் தம் பொறிகள் நூலில் விவரித்தவர் அல்ஜஸரீ என்று அவர்கள் எங்கோ படித்துவிட்டு வந்து வாதாடினார்கள். உண்மைதான், ஆனால் அல்ஜஸரீயின் பெட்டி அஞ்செட்டி மலைப்பாதையின் புழுதியில் போயிருக்காது. எண்வளையங்களுக்குள் மண் நுழைந்தால் சுற்றாது. மின்பூட்டு என்றால் பேட்டரி தீரும் நேரம் நம் கையில் இல்லை. எங்கள் அத்தாவின் தகரப் பெட்டியில் திண்டுக்கல் பூட்டு ஒன்று முப்பது ஆண்டுகள் தொங்கியது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது அந்தப் பெட்டியைத்தான் நினைத்துக்கொண்டோம். தொங்கு பூட்டு ஆனால் இங்கே உதவாது; அதன் வளையத்தை வெட்டுக் கருவியால் ஒரு நொடியில் துண்டித்துவிடலாம். ஆகவே கதவுக்குள் பதிக்கும் லீவர் பூட்டைத் திண்டுக்கல்லிலிருந்தே வரவழைத்தோம்.

இதுவரை எங்கள் வரைபடத்தில் இருந்தது ஓர் அறை, ஒரு கதவு, ஒரு பூட்டு. அதை மாற்றியது ஒரு சனிக்கிழமை.

தோட்டத்தில் சனிக்கிழமை கூலி நாள். அந்த வாரம் பெங்களூரு வியாபாரியிடமிருந்து வர வேண்டிய பூப்பணம் வரவில்லை. திங்கட்கிழமை கட்டாயம் வரும் என்று சொல்லியிருந்தார். மாலை நான்கு மணிக்குக் கூலிக்காரப் பெண்கள் வரப்பில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். மறுநாள் மலைக்கு எடுத்துச் செல்வதற்காக ஜமாஅத்தின் பணம் எங்கள் வீட்டு அலமாரியில் இருந்தது. கூலிக்குத் தேவையான தொகையைவிட அது அதிகம். எங்களுள் ஒருவர் மற்றவரைப் பார்த்தோம். இருவரும் வாயைத் திறக்கவில்லை; இருவருடைய மனத்திலும் ஓடியது ஒன்றுதான். மலைப் பயணத்தை ஒருவாரம் தள்ளிப்போட்டால் போதும், திங்கட்கிழமை திரும்ப வைத்துவிடலாம், யாருக்கும் எந்த இழப்பும் இல்லை. வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்க வேண்டும் என்ற மார்க்கக் கட்டளையையே அதற்குத் துணையாக அழைத்துக்கொள்ள மனம் தயங்கவில்லை. எங்களை அதிகம் அச்சுறுத்தியது அதுதான். தவறான வழிக்கு மனம் தேடும் சான்றுகூட மார்க்கத்திலிருந்தே எடுக்கப்பட்டதாக இருக்கிறது.

பணத்தைத் தொடவில்லை, அல்ஹம்துலில்லாஹ். எங்கள் மனைவியர் இருவரும் சேர்ந்து தங்கள் சீட்டுப் பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். எழுதி வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார்கள். கூலி அன்றே போயிற்று. ஆனால் இரவில் அந்தப் பெட்டியின் வரைபடத்தை விரித்துப் பார்த்தபோது, இத்தனை கவனத்தோடு நாங்கள் வெளியே நிற்கும் திருடனை மட்டுமே எண்ணி அதை வரைந்திருக்கிறோம் என்பது தெரிந்தது. சாவி எங்கள் சட்டைப்பையில் இருக்கும்வரை 2 மில்லிமீட்டர் தகடு எங்களுக்கு எதிராக எதுவும் செய்யாது.

ஹஜ்ரத் முன்பு சொன்னவற்றில் ஒன்றும் அப்போது நினைவுக்கு வந்தது. ஹனஃபீ மத்ஹபின்படி, ஒப்படைக்கப்பட்ட பணத்தைப் பிரித்தறிய முடியாதபடி தம் பணத்தோடு கலந்துவிட்டால், அந்த நொடியிலிருந்து அவர் அதற்கு ஈடுகொடுக்கும் பொறுப்புக்கு உள்ளாகிறார்; அதன் பிறகு அது கவனக்குறைவின்றித் தொலைந்தாலும் அவர் தப்ப முடியாது. கூலிப் பணமும் ஜமாஅத் பணமும் ஒரே அறையில் கிடந்தால் கலப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

பெட்டி இரண்டு அறைகளானது. நடுவே பற்றவைத்த தடுப்பு, இரண்டு கதவுகள், இரண்டு வெவ்வேறு பூட்டுகள். இடப்பக்க அறை எங்களுடையது. வலப்பக்க அறையின் சாவி ஒன்று ஜமாஅத் பொருளாளரிடமும் மற்றொன்று மலையோரப் பள்ளிவாசலின் இமாமிடமும் இருக்கும். பொருளாளர் வந்து உறைகளை வைத்துப் பூட்டுவார். அங்கே இமாம் திறந்து எடுப்பார். வண்டியை ஓட்டும் எங்களிடம் சாவி கிடையாது. தெருக்காரர்கள் தரும் பொட்டலங்களுக்கும் அதே அறைதான். ஒவ்வொன்றின் மீதும் பெயர் எழுதிய துணிச் சீட்டு, பொருளாளரின் குறிப்பேட்டில் ஒரு வரி, கொடுத்தவரின் கையெழுத்து அல்லது கைநாட்டு. கடனை எழுதிக்கொள்ளுமாறு சூரா அல்பகராவின் 282ஆம் வசனம் எவ்வளவு விரிவாகக் கூறுகிறது என்பதை நாம் அறிவோம். எழுதுவது நம்பிக்கையின்மை என்று நம்மில் சிலர் இன்னும் வருத்தப்படுகிறார்கள். நன்னிக்கும் முதலில் வருத்தம்தான். “உங்களை நம்பாமலா தம்பி கொடுக்கிறேன்?” என்றார். எங்கள் மவுத்துக்குப் பிறகு எங்கள் பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டாமா நன்னி என்று கேட்டபோது, சற்று நேரம் யோசித்துவிட்டுக் கட்டைவிரலை நீட்டினார்.

உறவினர் சிலருக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. வண்டி உங்களுடையது, பெட்டிச் செலவு உங்களுடையது, சாவி மட்டும் மற்றவரிடமா என்று கேட்டார்கள். அதற்கு நாங்கள் சொன்னது கஃபாவின் சாவியைப் பற்றிய வரலாறு. ஹிஜ்ரீ 8ஆம் ஆண்டு மக்கா வெற்றியின்போது நபி (ஸல்) அவர்கள் உஸ்மான் இப்னு தல்ஹாவிடமிருந்து சாவியை வாங்கிக் கஃபாவைத் திறந்தார்கள். நகரமே கைக்குள் வந்துவிட்ட நாள். சாவியைத் தங்கள் குடும்பத்துக்குத் தருமாறு நெருங்கிய உறவினர் கேட்டும், அது உஸ்மானிடமே திருப்பிக் கொடுக்கப்பட்டது. அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு கட்டளையிடும் சூரா அன்னிஸாவின் 58ஆம் வசனத்தை விரிவுரையாளர்கள் பலர் இந்நிகழ்ச்சியோடு தொடர்புபடுத்துகிறார்கள். அந்தச் சாவி இன்றுவரை அதே பனூ ஷைபா குலத்தாரிடம் இருக்கிறது. 2024 ஜூனில் சாவிக்காப்பாளரான ஷைக் ஸாலிஹ் அஷ்ஷைபீ காலமானபோது, அது அக்குலத்தின் அடுத்த மூத்தவருக்குப் போயிற்று. கட்டடத்தை ஆள்பவர்கள் எத்தனையோ முறை மாறியிருக்கிறார்கள்.

2024 ரமலான் எங்கள் ஏற்பாட்டைச் சோதித்தது. மார்ச் 12 அன்று நோன்பு தொடங்கியது; நான்கு நாளில், மார்ச் 16 அன்று, மக்களவைத் தேர்தல் அறிவிக்கப்பட்டு நடத்தை விதிகள் நடைமுறைக்கு வந்தன. தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19. பெருநாளோ ஏப்ரல் 11. ஜகாத்தும் ஃபித்ராவும் கைமாறும் காலம் முழுவதும் சாலைகளில் பறக்கும் படையினர் நின்றார்கள். எங்கள் ஊர் மாநில எல்லையில் இருப்பதால் ஜூஜூவாடிப் பக்கம் கேட்கவே வேண்டாம். தகுந்த ஆவணமின்றி ரூ.50,000-க்கு மேல் ரொக்கம் எடுத்துச் சென்றால் பறிமுதல். தொகை குறைவாக இருந்தாலும், எங்கள் பெட்டியில் இருப்பதை ஓர் அதிகாரியின் கண்ணோடு பாருங்கள்: பெயர் எழுதிய உறைகள், ஒவ்வொன்றிலும் ரொக்கம், மலை கிராமங்களின் பட்டியல், இருக்கைக்கு அடியில் மறைவான எஃகு அறை, “சாவி எங்களிடம் இல்லை” என்று சொல்லும் ஓட்டுநர். வாக்குக்குப் பணம் கொடுக்கக் கிளம்பிய வண்டி வேறு எப்படி இருக்கும்?

இதற்காகக் கூடிப் பேசினோம். வங்கிக் கணக்கு உள்ள குடும்பங்களுக்கு அந்த ஆண்டு நேரடியாகக் கணக்கிலேயே செலுத்துவது. அரிசி, எண்ணெய், துணி ஆகியவற்றைப் பொருளாக எடுத்துச் செல்வது. கணக்கே இல்லாத சில முதியவர்களுக்கு மட்டும் ரொக்கம், அதுவும் வரம்புக்கு வெகு கீழே. வங்கியில் பணம் எடுத்த சீட்டும் ஜமாஅத்தின் கடிதமும் உடன் இருக்கும். பொருளாளர் தம் சாவியோடு வண்டியில் வருவார். கடைசிப் பத்தில் ஒருநாள் சஹர் முடித்துப் புறப்பட்டோம். தேன்கனிக்கோட்டைக்கு அப்பால் நிறுத்தினார்கள். இருக்கைக்கு அடியில் என்ன என்று கேட்டதும் பொருளாளர் இறங்கி, அவர்கள் கேட்கும் முன்பே திறந்து காட்டினார். உறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணினார்கள், பட்டியலோடு ஒப்பிட்டார்கள், ஒளிப்பதிவும் செய்தார்கள். பட்டியலில் இருந்த தொகையும் உறைகளில் இருந்த தொகையும் ஒரு ரூபாய் பிசகாமல் இருந்தன. எங்கள் அறையையும் திறக்கச் சொன்னார்கள். அதில் ஜாக்கி கைப்பிடியும் ஒரு டார்ச்சும் பேரீச்சம்பழப் பொட்டலமும் இருந்தன. அரைமணி நேரத்தில் விட்டுவிட்டார்கள். அவர்கள் பார்த்ததும் ஓர் அமானிதப் பணிதான் என்று பொருளாளர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

இதைப் படித்துவிட்டுத் தங்கள் வண்டியிலும் பெட்டி பொருத்த நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். பெட்டி இருக்கிறது என்பதை ஊருக்குச் சொல்லாதீர்கள் (நாங்கள் எழுதிவிட்டோம், இனி இடத்தை மாற்ற வேண்டும்). பொருளைப் போய்ச் சேரும் இடத்தில் இறங்கி வைக்காதீர்கள். புறப்படும் முன் வீட்டு வாசலுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிடுங்கள். வண்டியை நிறுத்திய பிறகு பெட்டியைத் திறந்து மூடுவதைத்தான் கவனிப்பவன் கவனிப்பான். உள்ளே தடித்த கம்பளித் துணி ஒட்டுங்கள், இல்லையேல் மேடுபள்ளத்தில் உள்ளிருப்பது குலுங்கிப் பெட்டியே தன்னைக் காட்டிக்கொடுக்கும். வெயிலில் நின்ற வண்டிக்குள் எஃகுப் பெட்டி நன்றாகவே சூடேறும். இன்சுலின் போன்ற மருந்தையும், கைப்பேசிக்கான பவர் பேங்கையும் அதில் விட்டுவிட்டுப் போகக் கூடாது. வண்டிக் காப்பீடு பெட்டிக்குள் இருக்கும் நகைக்கும் பணத்துக்கும் ஈடு தராது என்பதையும் முகவரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

இரவில் மலைப்பாதையில் ஆயுதத்தோடு யாரேனும் மறித்தால் என்ன செய்வது என்று எங்கள் மனைவியர் கேட்டார்கள். அதற்கும் ஹஜ்ரத்திடம் விடை இருந்தது: உயிரைப் பணயம் வைக்கத் தேவையில்லை, நிர்ப்பந்தத்தில் பறிகொடுத்தவர் கவனக்குறைவானவர் ஆகமாட்டார். ஆயினும், சாவி இல்லை என்ற உண்மையை மறித்தவன் நம்புவானா? ஆகவே, பொழுது சாய்ந்தபின் மலையில் வண்டி ஓட்டுவதை நிறுத்திவிட்டோம். சானமாவு காட்டிலிருந்து யானைகள் இறங்கும் எங்கள் பகுதியில் அந்த விதி எப்படியும் நல்லதுதான்.

நன்னியின் வளையல்கள் அவ்வாண்டு பெருநாளுக்குப் பிந்திய வாரம் போய்ச் சேர்ந்தன. இமாம் திறந்து கொடுக்க, பேத்தியின் தாயார் பெற்றுக்கொண்டு கையெழுத்திட்ட துணிச் சீட்டைத் திரும்பக் கொண்டுவந்து நன்னியிடம் கொடுத்தோம். அதை அவர் குர்ஆன் உறைக்குள் வைத்திருக்கிறார். மழைக்காலத்தில் தரைத் துளைகளைச் சுற்றித் துரு ஏறியிருக்கிறதா என்று பார்க்க வண்டியைத் தூக்கியபோது ஒரு போல்ட்டின் அருகே வண்ணம் உரிந்திருந்தது. சுரண்டித் துருக்காப்புச் சாயம் பூசியிருக்கிறோம். இமாமிடம் இருக்கும் சாவி கொஞ்சம் தேய்ந்துவிட்டதாம், திருப்பும்போது இறுகுகிறது என்கிறார். அடுத்த முறை போகும்போது பூட்டுக்குக் கிராஃபைட் தூள் போட வேண்டும்; எண்ணெய் விட்டால் புழுதியைப் பிடித்துக்கொள்ளும்.